பிலோவின் இரத்தமும் என் ஐஸ் பெட்டியும்

ஜூலை 2, புதன்

இந்த நோட்டைக் கொடுத்தது மதுரை டாக்டர் கோமதி. தினமும் சாயங்காலம் பிலோவிடம் அரிப்பு எவ்வளவு என்று கேட்டு, பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் எழுத வேண்டுமாம். அரிப்பே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. “கூடவே அன்னைக்கு என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி எழுதுங்க இன்னாசி” என்றார். நான் வேம்பாரிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு பேனாவை விட்டவன். ஐம்பத்தாறு வயதில் என்னை வீட்டுப்பாடம் எழுத வைத்துவிட்டார் அந்த அம்மா.

பிலோ என்றால் பிலோமினா, என் மனைவி. எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். ஐந்து வருடமாக அவள் தோலில் சிவப்புத் திட்டுகள். முதுகில் தொடங்கிக் கை, தொடை என்று பரவின. படை என்றார்கள். உப்புத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கருவாடு சாப்பிடாதே என்றார்கள். வேம்பார்க்காரியிடம் கருவாடு சாப்பிடாதே என்று சொன்னவனை என்ன செய்வது? கடைசியில் டாக்டர் கோமதிதான் உளுந்து அளவுக்குத் தோலை வெட்டி எடுத்துச் சோதித்து, இது தோல் லிம்போமா என்றார். வெள்ளை அணுவில் ஒரு வகை தோலில் வந்து குடியேறி, கெட்டுப்போய்ப் பெருகுகிற புற்றுநோய். மெதுவாகப் போகிற வகை, பல வருடம் அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பிலோ, “அப்ப கருவாடு திங்கலாம்லா டாக்டர்?” என்று கேட்டாள்.

அவள் சொன்னது 5.

ஜூலை 4, வெள்ளி

அவள் சொன்னது 4. நாலாம்! சொல்லும்போதே முழங்கையைக் கதவு நிலையில் உரசிக்கொண்டிருந்தாள். ஏலத்தில் மீன்காரிகள் எடை சொன்னால் நம்பாத மகராசி, தன் உடம்புக்கு மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிறு எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், அதனால் வண்டியும் இல்லை. உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் ஜெபமாலை உண்டு. பிலோ முன்னே சொல்வாள், நான் பின்னே சொல்வேன். என் கையிலும் ஒரு மாலை இருக்கும். இன்று அவள் ஒவ்வொரு முறை சொறிந்தபோதும் நான் ஒரு மணி தள்ளினேன். வாயில் ஜெபம், விரலில் கணக்கு. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், டாக்டர் கேட்டதற்காகத்தானே.

அவள் சொன்னது 4. மணி 23.

ஜூலை 8, செவ்வாய்

இன்று கரையில் ஒரு கூத்து. பிலோ வெயிலுக்கும் ஊர்ப் பார்வைக்கும் பயந்து என் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் ஏலம் கூறுகிறாள். சீலா மீன் குவியலைத் தூக்கிக் காட்டும்போது சட்டைக் கை விலகித் திட்டு தெரிந்துவிட்டது. ஜெரால்டு என்கிற வியாபாரி கூடையை வாங்காமல் பின்னால் நகர்ந்து, “யக்கா, இது தொத்துமா?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறி, ஐஸ் உடைக்கிற கட்டையோடு வண்டியை விட்டு இறங்கிவிட்டேன்.

அதற்குள் பிலோவே பேசிவிட்டாள். “தொத்துற சீக்குன்னா மொதல்ல எம்புருசனுக்குல்லா தொத்தியிருக்கணும்? முப்பது வருசமா ஒரே பாயி. அவரு தோலப் பாரு, எரும மாதிரி மினுங்குது. வேணும்னா எடு, வேண்டாம்னா ஒதுங்கு. ஒருதரம்...” என்று ஏலத்தைத் தொடர்ந்தாள். கரையே சிரித்தது. ஜெரால்டும் சிரித்துவிட்டு அந்தக் குவியலை எடுத்தான். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலைதான் கேவலம். குரல் என்றால் அது குரல். மைக் இல்லாமல் நாலு வள்ளம் தள்ளி இருப்பவனுக்கும் கேட்கும்.

வீட்டுக்கு வந்தபின் அந்தக் கையை வெகுநேரம் தண்ணீரில் வைத்திருந்தாள்.

அவள் சொன்னது 3. மணி 25.

ஜூலை 9, புதன்

பிலோவை வண்டியில் முன்னால் உட்கார வைத்து மதுரைக்குக் கூட்டிப் போனேன். அருப்புக்கோட்டை தாண்டியதும் அனலில் அவள் தோல் கொதித்துவிட்டது. போய்ச் சேரும்போது கழுத்தெல்லாம் செக்கச் செவேல்.

டாக்டர் இன்று விளக்கமாகச் சொன்னார். “தோல்ல இருக்கறத நான் கண்ணால பார்த்துக்குவேன். ஆனா இந்தக் கெட்ட அணு தோலை விட்டு ரத்தத்துல இறங்குதான்னு ரத்தத்தைத்தான் கேக்கணும். அதுல சில அடையாளம் இருக்கு. அது ஏறாம இருக்கற வரைக்கும் மாத்திரை, களிம்போட ஓட்டலாம். ஏறிச்சுன்னா கடுமையான மருந்த நரம்புல ஏத்தணும். உடம்பு ரொம்ப அடிபடும். அதனால மாசா மாசம் ரத்தம் பார்ப்போம்.”

இரத்தம் எடுத்தது ஹபீபா என்கிற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பிலோவின் கையில் திட்டு இல்லாத இடமாகத் தேடிக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் எடுத்தாள். மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடிக் குழாய் ஒன்று. மஞ்சளில் எல்.டி.எச் என்று ஒன்று பார்ப்பார்களாம், உடம்பில் அணுக்கள் நிறைய அழிந்தால் ஏறுகிற சரக்கு. ஊதாவில் வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாக ஒரு மெஷின் எண்ணும். அதற்குப் பிறகும் ஹபீபா ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் தன் கண்ணால் எண்ணுகிறாள். “மெஷின் எண்ணிருமே, நீங்க எதுக்கும்மா?” என்று கேட்டேன். “மெஷினுக்கு சந்தேகம் வராதுண்ணே, எனக்கு வரும்” என்றாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

முடிவு: எல்.டி.எச் 214. இருநூற்று ஐம்பது வரை சரியாம். கெட்ட அணு மிகக் கொஞ்சம். பிலோ என்னைப் பார்த்து, “ஏலம் முடிஞ்சுது, மூச்ச விடுங்க” என்றாள்.

வெயிலில் அவளை மாதாமாதம் இழுக்க வேண்டாம், ஊர் கிளினிக்கில் எடுத்துக் குழாயை நான் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. எப்படிக் கொண்டுவருவது என்று ஹபீபாவிடம் கேட்டேன். “வெயில் படாம பத்திரமா கொண்டாங்க, அதுபோதும்” என்றாள். என்னிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா? முப்பது வருடமாக நான் செய்கிற தொழிலே அதுதானே.

அவள் சொன்னது 5. மணி 28.

ஜூலை 20, ஞாயிறு

அவள் சொன்னது 3. மணி 17. பரவாயில்லை, குறைகிறது.

ஜூலை 29, செவ்வாய்

மணி 12! அவள் சொன்னது 3. வாரத்துக்கு ஒருநாள் போடுகிற மாத்திரை வேலை செய்கிறது. இரவு ஊளிமீன் குழம்பு. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். பிலோ பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வாங்கி வைத்தால் இரண்டு நாளில் காணோம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று முதல் முறையாகக் குழாயோடு பயணம். ஊர் கிளினிக்கில் நர்ஸ் ஜெபா சிஸ்டர் காலை எட்டு மணிக்கு எடுத்துக் கொடுத்தார். நான் முன்னேற்பாடாகப் புது தெர்மகோல் பெட்டி ஒன்று தனியாக வைத்திருந்தேன். அடியில் ஒரு சாண் ஐஸ், பொடியாக உடைத்தது. நடுவில் குழி பறித்துக் குழாய் இரண்டையும் நேராக நிறுத்தி, மேலே இன்னும் ஐஸ், அதன்மேல் ஈரச்சாக்கு, மூடி, டேப். ஏற்றுமதிக்குப் போகிற இறாலுக்குக்கூட நான் இப்படிச் செய்ததில்லை. பின்னால் ஏற்றாமல் என் பக்கத்துச் சீட்டில் வைத்துத் துண்டால் கட்டினேன். அருப்புக்கோட்டையில் டீக்கு நிறுத்தியபோது திறந்து பார்த்தேன். ஒரு பொட்டு உருகவில்லை.

ஹபீபா இல்லை, தங்கச்சி கல்யாணமாம், நீண்ட லீவு. ஜன்னலில் வேறு ஓர் ஆள் வாங்கிக்கொண்டான். வாங்கிய வேகத்தில் ரேக்கில் சொருகினான். நான் பெட்டி கட்டிய அழகை அவன் பார்க்கக்கூட இல்லை.

அவள் சொன்னது 2. மணி 9.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டர் போனில் கூப்பிட்டார். எல்.டி.எச் 468. ஏறியிருக்கிறது. ஊதாக் குழாயில் அணுக்களை எண்ண முடியவில்லை, சரியாக வரவில்லையாம். “ஒரு தடவைய வச்சு முடிவு பண்ண வேண்டாம். மூணு வாரம் கழிச்சு மறுபடி அனுப்புங்க” என்றார்.

பிலோவிடம், எல்லாம் சரியாம், இரத்தம் கொஞ்சம் போதவில்லையாம் என்று சொன்னேன்.

அவள் சொன்னது 2. மணி 8.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசையில் பிலோ முழங்காலில் நின்றாள், நான் தூணில் சாய்ந்து நின்றேன். என்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன். டாக்டர் இந்த நோட்டைப் படிப்பார்.

மணி 7.

ஆகஸ்ட் 21, வியாழன்

எனக்கு ஒன்று புரியவில்லை. வெளியே அரிப்பு அடங்குகிறது. உள்ளே எண் ஏறுகிறது. அடுப்பில் பால் பொங்காமல் அடியில் தீய்வது மாதிரி, மேலே அடங்கி உள்ளே போய்விட்டதோ? யாரிடம் கேட்பது? பிலோ பின்பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறாள், ஜெபம் முடிந்ததும் தினமும். கோழிக்கூட்டைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள். கோழி மூன்றுதான். பார்க்க என்ன இருக்கிறது?

அவள் சொன்னது 2. மணி 6.

ஆகஸ்ட் 27, புதன்

இரண்டாவது குழாய்கள். இந்த முறை தப்பே வரக்கூடாது. ஜெபா சிஸ்டரிடம் கூடுதலாக ஒரு குழாய் கேட்டு வாங்கினேன். ஐஸையும் இரண்டு மடங்காக்கி, கொஞ்சம் உப்பும் தூவினேன். உப்புப் போட்டால் குளிர் கூடும், தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அதே ஜன்னல், அதே ஆள்.

அவள் சொன்னது 2. மணி 5.

ஆகஸ்ட் 29, வெள்ளி

911.

டாக்டர் போனில் சொன்னது. “அரிப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார். இரண்டு, மூன்றுதான் டாக்டர், நன்றாகக் குறைந்திருக்கிறது என்றேன். “தோல் அடங்குது, ரத்தத்துல ஏறுதுன்னா எனக்கு அது பிடிக்கல இன்னாசி. எட்டாம் தேதி அட்மிட் ஆகற மாதிரி வாங்க. நரம்புல ஏத்தற மருந்தைத் தொடங்கிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ ரத்தம் அனுப்புங்க. ஒருமுறை நிச்சயம் பண்ணாம நான் அந்த மருந்தைத் தொட மாட்டேன்” என்றார்.

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். நடந்து போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகப் பாடிக்கொண்டே போனது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

பிலோவுக்குத் தெரிந்துவிட்டது. என் போனில் டாக்டர் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டாள். கரையிலிருந்து வந்தவள் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றாள்.

“எம் ரத்தம் எங்கிட்டதான ஓடுது? எனக்குச் சொல்லாம நீங்க என்னத்துக்கு வச்சு அடகாத்துக்கிட்டு இருக்கீங்க?”

“நீ பயந்துருவியேன்னுதாம்ட்டி...”

“யாரு, நானா? உங்க மூஞ்சி மூணு வாரமா செத்த நண்டு மாதிரி கெடக்கு, என்னன்னு கேட்டா டயருல காத்து இல்லங்கீங்க. டயருக்கா ஒரு மனுசன் இப்படி மெலிவான்னு நானும் நெனச்சேன்.”

பிறகு உட்கார்ந்தாள். “முடி கொட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். “குரலு போயிராதுல்லா?” என்றாள். நான்தான் அழுதேன். அவள் எழுந்து போய் மீன் கழுவினாள்.

எண் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எட்டாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள். இன்று கரையில் அவள் ஏலம் கூறியதை இதில் எழுதி வைக்க வேண்டும். நாற்பது குவியல், ஒன்றில்கூடக் குரல் தாழவில்லை. பாறை மீனைப் பார்த்த மாத்திரத்தில் பதினெட்டு கிலோ என்றாள், தராசு பதினெட்டைக் காட்டியது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், “யாருடே இந்தம்மா?” என்று கேட்டான். “என் வீட்டுக்காரி” என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னேன். முப்பது வருடத்தில் ஒருநாளாவது வண்டியை விட்டு இறங்கி வந்து, கடைசிக் குவியல் வரை நின்று கேட்டிருக்கிறேனா? இன்றுதான் கேட்டேன். மடையன்.

செப்டம்பர் 3, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

கடைசிக் குழாய்களை வழக்கம்போல் பெட்டி கட்டி எடுத்துப் போனேன். ஜன்னலில் ஹபீபா! லீவு முடிந்து வந்துவிட்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குழாயைக் கையில் வாங்கியவள் முகம் சுருங்கியது.

“என்னண்ணே, இப்படிச் சில்லுனு இருக்கு? எதுல கொண்டாந்தீங்க?”

நான் பெருமையாகப் பெட்டியைத் தூக்கி ஜன்னலில் வைத்துத் திறந்து காட்டினேன். ஐஸ், ஈரச்சாக்கு, உப்பு, எல்லாம் விளக்கினேன். கடைசி வரை ஒரு சொட்டு உருகாது என்றும் சொன்னேன். அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். மஞ்சள் மூடிக் குழாயை ஒரு மெஷினில் வைத்துச் சுற்றவிட்டாள். பத்து நிமிடம். வெளியே எடுத்து, வேறு யாருடையதோ ஒரு குழாயோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த ஆளுடையதில் இரத்தம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் கடலை எண்ணெய் நிறத்தில் நின்றது. பிலோவுடையதில் மேல் தண்ணீர் நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது.

“நம்மளுது நல்லா செவப்பா இருக்குல்லா?” என்றேன். மீனில் செவுள் எவ்வளவு சிவப்போ அவ்வளவு புதுசு. முப்பது வருடம் நான் பார்த்த சிவப்பு அதுதானே.

“மீனுக்குச் சரிண்ணே. ரத்தத்துக்கு மேல் தண்ணி சிவந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஐஸ் நேரா பட்டாலோ உறைஞ்சாலோ சிவப்பணு உடைஞ்சிரும். அதுக்குள்ளயும் இந்த எல்.டி.எச் நெறைய இருக்கு. உடைஞ்சதும் அது வெளிய கொட்டி எண்ணை ஏத்திரும். ஊதாக் குழாய்ல எண்ண வேண்டிய அணுவும் குளிர்ல செத்துப்போகும். இந்தத் தொள்ளாயிரத்தை அக்காவோட நோய் ஏத்தலண்ணே. நீங்க ஏத்துனது.”

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் பழைய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் அடியில், மாதிரி சிவந்துள்ளது, முடிவு சந்தேகம் என்று பொடி எழுத்தில் இருந்ததாம். அந்த ஜன்னல் ஆள் டாக்டருக்கு எண்ணை மட்டும் போனில் சொல்லியிருக்கிறான். ஹபீபா அவனை அங்கேயே வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “என் தப்பும் இருக்குண்ணே. வெயில் படாமன்னு சொன்னேனே தவிர, ஐஸ் வேண்டாம்னு சொல்லல. சட்டைப் பையில போட்டுக் கொண்டாந்திருந்தாக்கூட இதவிட நல்லா இருந்திருக்கும்” என்றாள்.

“அப்ப எம்பொஞ்சாதிக்கு ஒண்ணுமில்லயாம்மா?”

அவள் பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். “அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. ரெண்டு மாசமா நமக்கு ஒண்ணுமே தெரியலன்னுதான் அர்த்தம். நாளைக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க. இங்கயே எடுத்து இங்கயே பாக்குறேன்.”

வீட்டுக்கு வந்து பிலோவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எம் ரத்தத்தச் சீலாமீனுன்னு நெனச்சீங்களாக்கும்? உப்பு வேற போட்டீங்களாம்ல, புளியும் கரைச்சு ஊத்தியிருக்க வேண்டியதுதான?” சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

வண்டியில் இன்று மீன் இல்லை. ஜன்னலுக்குச் சாக்கு நனைத்துக் கட்டிப் பிலோவைக் கூட்டிப் போனேன். ஹபீபா எடுத்தாள். குழாய் அவள் கையிலேயே இருந்தது, இளஞ்சூடாக.

மைக்ரோஸ்கோப் முன்னால் அவள் உட்கார்ந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இடது கையில் அமுக்கினால் ஓர் எண் கூடுகிற சின்னக் கருவி. சில சமயம் நிறுத்தி, ஓர் அணுவையே வெகுநேரம் பார்த்தாள். கெட்ட அணுவின் நடுப்பகுதி சுருட்டிப் போட்ட வலை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமாம். அவளுடைய டீ பக்கத்தில் ஆடை படிந்து கிடந்தது. என் பிலோவின் ஒரு சொட்டு இரத்தத்துக்காக ஒருத்தி டீ குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பிலோவும் பார்த்தாள். “நாம மீனப் பாக்குற மாதிரியே பாக்குது இந்தப் புள்ள” என்றாள். அவள் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அது.

முடிவு சனிக்கிழமை, டாக்டர் வாயால்தானாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. வண்டிக்கு ஆயில் மாற்றினேன். இரண்டு முறை மாற்றினேன்.

செப்டம்பர் 6, சனி

டாக்டர் அறை. ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். எல்.டி.எச் 221. கெட்ட அணு ஜூலையில் இருந்த அளவில்தான் இருக்கிறது. மெஷினும் ஹபீபாவும் ஒரே கணக்கு. “ரத்தத்துல இறங்கல. எட்டாம் தேதி அட்மிஷன் வேண்டாம்” என்றார். நான் எழுந்து நின்று டாக்டருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

“இருங்க, முதுகைப் பார்த்துடறேன்” என்று டாக்டர் பிலோவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நான் இரண்டு மாதமாக அந்த முதுகைப் பார்க்கவில்லை. அவள் காட்டவில்லை, களிம்பைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்றாள். இடுப்பு வரை சிவந்து தடித்து, அதன்மேல் வரிவரியாகக் கீறல். தேங்காய் நார் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் இந்த நோட்டைப் புரட்டினார். “இரண்டு, இரண்டு, இரண்டு. மணின்னு வேற ஏதோ எழுதியிருக்கீங்க, அதுவும் குறைஞ்சுக்கிட்டே வருது. போன்ல சொன்ன இந்த எண்ணை நம்பித்தான் மாத்திரை கேக்குதுன்னு நெனச்சு நான் அளவைக் கூட்டாம விட்டேன். முதுகு வேற சொல்லுதே பிலோமினா?”

பிலோ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். கரையே அடங்குகிற குரல்காரி, கேட்காத குரலில் பேசினாள்.

“ஜெபத்துல இவரு மணிய எதுக்குத் தள்ளுதாருன்னு ரெண்டாம் வாரமே கண்டுக்கிட்டேன் டாக்டர். முப்பது வருசமா இவரு மணி உருட்டுற வேகம் எனக்குத் தெரியாதா? நான் சொறிஞ்சா மணி நகரும். மணி நெறைய நகந்தா இவருக்குச் சோறு எறங்காது. பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். முடிஞ்சதும் கோழிக்கூட்டுப் பக்கம் போயி நார வச்சுத் தேச்சுக்குவேன். மணி கொறஞ்ச அன்னைக்குத்தான் இந்த மனுசன் ரெண்டு தட்டு தின்னாரு.”

டாக்டர் நோட்டை மூடினார். திட்டவில்லை. “ஒருத்தர் அக்கறையில ரத்தத்தைக் கெடுத்தீங்க, ஒருத்தர் அக்கறையில கணக்கைக் கெடுத்தீங்க. நான் யாரை வச்சு வைத்தியம் பார்க்கறது?” என்றார். மாத்திரை அளவைக் கூட்டினார். தூத்துக்குடியில் வாரம் இரண்டு முறை தோலுக்கு ஒளி காட்டுகிற சிகிச்சைக்குச் சீட்டு எழுதினார்.

திரும்பும் வழியில் அருப்புக்கோட்டை டீக்கடையில் நிறுத்தினேன். “ஏட்டி, ரெண்டு மாசம் எப்படித் தாங்குன?” என்று கேட்டேன். “ஊளிமீன் கொழம்ப நீங்க தின்ன அழகப் பாத்துக்கிட்டு” என்றாள். டீயை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தத் தெர்மகோல் பெட்டி அங்கேயே கிடந்தது. காலால் மிதித்து நொறுக்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். மதுரையில் கட்டிலில் படுத்திருக்க வேண்டிய நாள். காலையில் பிலோ கரையில் ஏலம் கூறினாள். என் சட்டையைப் போடவில்லை, கை தெரியத்தான் நின்றாள். ஜெரால்டு முதல் கூடையை வந்து வாங்கிக்கொண்டான். நான் கடைசிக் குவியல் வரை நின்றேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிலோ எனக்கு எதிரில் உட்காரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்திக் களிம்பு டப்பாவைப் பின்னால் நீட்டினாள். “இங்க, தோளுக்குக் கீழ. அமுக்காதீங்க, பூசுங்க” என்றாள். நான் இரண்டு கையாலும் பூசினேன். ஜெபமாலை ஆணியிலேயே தொங்கியது. அவள் முன்னே சொன்னாள், நான் பின்னே சொன்னேன். நடுவில் நாலைந்து முறை நிறுத்தி, என் முன்னாலேயே நன்றாகச் சொறிந்துகொண்டு மறுபடி தொடர்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு நான் ஜெபத்தை ஜெபமாகச் சொன்னேன்.

“எத்தனட்டி?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “எட்டு.”

“நெசமாவா?”

“எட்டரைன்னு எழுதுனாலும் தப்பில்ல. எழுதிட்டு வாங்க, சோறு போடுதேன். நல்லாத் திங்கணும்.”

அவள் சொன்னது 8. மணி எண்ணவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.